வீட்டு ரசாயனம்: தொட்டிக்குள் ஒரு சமுத்திரம்

அகஸ்திய முனிவர் சமுத்திரம் முழுவதையும் உள்ளங்கையில் ஏந்தி ஆசமனம் செய்துவிட்டார் என்று புராணம் சொல்லுகிறது. இக்காலத்துக் கிருகஸ்தர்கள் அவ்வளவு பேராசை கொண்டவர்கள் அல்லர். நூறு லிட்டர் சமுத்திரம் கிடைத்தால் அவர்களுக்குப் போதும். அதைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, கூடத்தில் ஸோபாவுக்கு எதிரே வைத்து, நாலைந்து கோமாளி மீன்களையும் அதில் விட்டுவிட்டால் அவர்களுக்குப் பரம திருப்தி. மீன்களுக்கும் திருப்திதானா என்பது வேறு விஷயம். இந்த வாரம் அந்த வேறு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சென்னைவாசிகளுக்கு இந்த ஆசை புதிதல்ல. எழும்பூர் மியூஸியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்த ஊர் அல்லவா இது? அந்தச் செத்த காலேஜின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவரின் யோசனையிலிருந்து பிறந்து, 1909-ம் வருஷம் அக்டோபர் மாதம் மெரீனா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. பத்து வருஷம் மியூஸியத்தின் பொறுப்பிலும், பிறகு மீன் இலாகாவின் பொறுப்பிலும் இருந்து, இரண்டாவது மகா யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. அதைச் சமுத்திரத்தின் வாசற்படியிலேயே வைத்ததில் ஒரு நியாயம் உண்டு. கடல் மீனுக்கு வேண்டிய தண்ணீர் கடலில் மட்டுமே தானாக உண்டாகிறது. மற்ற இடங்களில் அதை நாம்தான் உண்டாக்க வேண்டும். உண்டாக்கிய பிறகு கெடாமல் காப்பாற்றவும் வேண்டும். இரண்டாவது காரியம்தான் கஷ்டம்.

கடல் ஜலமும் பாத்தி உப்பும்

அபிராமபுரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. குழந்தையின் பிடிவாதத்தினால் தொட்டி வந்து சேர்ந்தது. கடல் அங்கிருந்து இரண்டு மைலுக்குள் இருக்கிறது. "பட்டினப்பாக்கம் போய் நாலு குடம் மொண்டு வந்தால் ஆயிற்று, இதற்கு ஏன் காசு கொடுத்து உப்பு வாங்குகிறீர்கள்?" என்று பாட்டி கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கரையோரமாக மொள்ளும் தண்ணீரில் கடல் எவ்வளவு, ஆறு எவ்வளவு, நகரத்தின் சாக்கடை எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்? ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை கொட்டும்போது கரையோரக் கடலின் உப்பே குறைந்துவிடும். உப்போடு கூட, நாம் இன்று பேசப்போகும் கார வஸ்துவும் குறையும்.

"அப்படியானால் சமையல் உப்பைக் கரைத்தால் என்ன?" என்பது பாட்டியின் அடுத்த கேள்வி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் வேதாரண்யத்தில் அள்ளிய உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே? வந்ததுதான். ஆனால் பாத்தியில் கடல் ஜலம் வெயிலில் சுண்டும்போது எல்லாப் பொருள்களும் ஒன்றாக உறைவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடும். பிறகு ஜிப்ஸம் படியும். அதன் பிறகுதான் உப்பு உறையும். உப்பை வாரிய பின் மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீஷியம் தங்கிவிடும். ஆகையால் சமையல் உப்பைக் கரைத்தால் கிடைப்பது உப்புத் தண்ணீரே தவிரக் கடல் தண்ணீர் ஆகாது. கடலிலுள்ள பொருள்களையெல்லாம் உரிய விகிதத்தில் கலந்து, மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு நிற்கும்படி, ஆர்.ஓ. யந்திரத்தின் சுத்த ஜலத்தில் கரைத்துக் கொள்வதே முறை. தாதுப் பொருள்களைத் திரும்பச் சேர்க்கும் ஏற்பாடு அந்த யந்திரத்தில் இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே ஜலத்தைப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

நம் குடும்பத்தார் அப்படியே செய்தார்கள். ஆறு மாதம் ஒரு குறையுமில்லை. பிறகு புதிதாக இரண்டு மீன்களை வாங்கி விட்டார்கள். ஒரு வாரத்தில் மீன்களெல்லாம் சோர்ந்து, தொட்டியின் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. பரீட்சைப் பெட்டி வாங்கித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்ததில் கிடைத்த விவரம் இது: உப்பு 35, பி.எச். 7.7; ஆல்கலினிட்டி 5; அம்மோனியா அரை; நைட்ரேட் 40. கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். "பி.எச். இறங்கிப் போச்சு, ஸார்! இந்தப் புட்டியிலே மூன்று மூடி ஊற்றுங்கள், 8.6-க்கு ஏறிடும்" என்றார். ராத்திரி ஊற்றினார்கள், பி.எச். சொன்னபடியே ஏறிற்று. விடியற்காலையில் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன. பாட்டி கண்ணேறு என்றாள். குழந்தையோ, தான் தீனி அதிகம் போட்டதால்தான் செத்துப் போயின என்று தேம்பித் தேம்பி அழுதது.

குழந்தையின் பேரில் குற்றமில்லை. சீட்டிலிருந்த ஐந்து எண்களில் ஒன்றை மட்டும் பார்த்து வைத்தியம் செய்ததுதான் குற்றம்.

ஆரத்தித் தட்டு சொல்லும் பாடம்

பி.எச்., ஆல்கலினிட்டி என்ற இரண்டு பெயர்களைக் கேட்டதும் பலர் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்கள். தமிழிலும் இரண்டையும் 'காரத்தன்மை' என்றே சொல்லி விடுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆகவே ஆல்கலினிட்டியைக் 'காரச் சேமிப்பு' என்று இக்கட்டுரையில் வைத்துக் கொள்வோம். வித்தியாசத்தைத் தெரிந்து கொள்ள ரசாயன சாலைக்குப் போக வேண்டாம். ஆரத்தித் தட்டு போதும்.

மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்தால் அது சிவக்கிறது. சுண்ணாம்பு காரப் பொருள். காரத்தைக் கண்டால் மஞ்சள் நிறம் மாறும். அந்தச் சிவந்த நீரில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால், புளிப்பு காரத்தை அடக்கிவிடுவதால் நீர் மறுபடியும் மஞ்சளாகிறது. இரண்டு தட்டுகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் மிளகளவு சுண்ணாம்பு. மற்றொன்றில் நெல்லிக்காய் அளவு. பார்வைக்கு இரண்டும் ஒரேமாதிரி சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து பாருங்கள்! முதல் தட்டு சில சொட்டுக்களில் மஞ்சளாகிவிடும்; இரண்டாவது தட்டு எத்தனை சொட்டு விட்டாலும் லேசில் அசைந்து கொடுக்காது. கண்ணுக்குத் தெரிந்த சிவப்பைப் போன்றது பி.எச். சிவப்பு மாறுவதற்குச் செலவான சொட்டுக்களின் கணக்கைப் போன்றது காரச் சேமிப்பு. எவ்வளவு புளிப்பை விழுங்கிவிட்டு நிலை மாறாமல் நிற்கும் என்பதே அதன் பொருள்.

பரீட்சைப் பெட்டியிலும் இதே கதைதான் நடக்கிறது. ஐந்து மில்லி லிட்டர் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மஞ்சளுக்குப் பதிலாக நிறம் மாறும் ஒரு சாயத்தையும், எலுமிச்சைக்குப் பதிலாக அளவு தெரிந்த அமிலத்தையும் சேர்க்கிறோம். பெரும்பாலான பெட்டிகளில் தண்ணீர் முதலில் நீலமாயிருந்து, அமிலம் சேரச் சேர ஒரு கட்டத்தில் சட்டென்று மஞ்சளாகும். அதுவரை விட்ட சொட்டுக்கள் எத்தனையோ அத்தனை பாகை. பத்து மில்லி லிட்டர் எடுத்தால் ஒரு சொட்டு அரைப் பாகையாகும். கணக்கு இன்னும் துல்லியப்படும்.

இந்தப் பாகைக்கு டி.கே.எச். என்று பெயர், ஜெர்மானியர்கள் வகுத்த அளவு. சில பெட்டிகள் 'மில்லி ஈக்விவலண்ட்' என்று காட்டும். சில, சுண்ணாம்புக் கல்லின் மில்லிகிராம் கணக்கில் காட்டும். பயப்பட வேண்டாம், ரூபாய், அணா, பைசா மாதிரிதான். 7 டி.கே.எச். என்றாலும், 2.5 மில்லி ஈக்விவலண்ட் என்றாலும், லிட்டருக்கு 125 மில்லிகிராம் என்றாலும் ஒன்றே. இயற்கைக் கடலில் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் 7-க்கும் 10-க்கும் இடையில் வைத்துக் கொள்ளலாம். 8 என்றால் எட்டிலேயே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்று 7, நாளை 11 என்று ஊஞ்சலாடினால் ஜீவன்கள் தாங்கமாட்டா.

இருப்பு எங்கே போயிற்று?

1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்த வரலாற்றை நேயர்கள் கேட்டிருப்பார்கள். கடைசி நாள் வரையில் கட்டிடம் கம்பீரமாகத்தான் நின்றது. கேட்டவர்களுக்குப் பணமும் கொடுத்துக் கொண்டுதான் இருந்தார்கள். இருப்பு கரைந்து போனது வெளியிலே தெரியவில்லை. அந்த முறிவிலே பாடம் கற்ற நம்மவர்கள் மறு வருஷமே இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தார்கள். தொட்டியின் பி.எச்.சும் அப்படிப்பட்ட கட்டிடமே. காரச் சேமிப்பு தீரும் வரையில் அது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். தீர்ந்ததும் ஒரே சரிவு.

சேமிப்பைச் செலவு செய்வது யார்? மீன் கழிப்பதும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதும் அம்மோனியாவாகின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம். ஆனால் தொட்டியின் கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் நுண்கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் புண்ணிய காரியத்துக்கு அவை கூலி வாங்காமல் இல்லை. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு மில்லிகிராம் இப்படி மாறும்போது, சுமார் ஏழு மில்லிகிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான காரம் செலவாகிவிடுகிறது.

இப்போது நம் குடும்பத்தின் சீட்டைக் கணக்குப் பிள்ளையின் கண்ணோடு பாருங்கள். நைட்ரேட் 40 என்றால் அதில் நைட்ரஜன் ஒன்பது மில்லிகிராம். ஒன்பதை ஏழால் பெருக்கினால் அறுபத்து மூன்று மில்லிகிராம். அதாவது சுமார் மூன்றரைப் பாகை. புதிய உப்பைக் கரைத்தபோது எட்டரை இருந்தது என்று வைத்துக் கொண்டால் இன்று ஐந்துதானே இருக்க வேண்டும்? சீட்டிலும் ஐந்துதான் இருக்கிறது! ஆறு மாதமாகப் போட்ட தீனியின் வரவு செலவு முழுவதும் இந்த இரண்டு எண்களில் அடங்கி இருக்கிறது. தொட்டித் தண்ணீரை இடையிடையே மாற்றவில்லை என்பதையும் அவை காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

பி.எச். இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்து, குளிர்சாதன யந்திரத்தை ஓட்டிக் கொண்டு நாலு பேர் ஒரே கூடத்தில் இருந்தால், அவர்கள் வெளிவிடும் கரியமில வாயு அறையில் சேர்ந்து தண்ணீரிலும் கரையும். கரைந்தால் பி.எச். இறங்கும். ஆனால் காரச் சேமிப்பு மாறாது! ஜன்னலைத் திறந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பி.எச். தானே சற்று ஏறியிருக்கும். இந்தச் சாதாரண உண்மை தெரியாமல் புட்டி புட்டியாக மருந்து வாங்கிச் செலவழிப்பவர்கள் எத்தனையோ பேர்.

புட்டி செய்த விபரீதம்

அப்படியானால் மீன்கள் ஏன் செத்தன? அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷங்களில் இருக்கிறது. ஒரு வேஷத்தில் பரம சாது. மற்றொன்றில் மீனின் செவுளைத் தாக்கும் விஷம். எந்த வேஷம் எவ்வளவு என்பதைப் பி.எச்.தான் தீர்மானிக்கிறது. நமது ஊர் உஷ்ணத்தில், பி.எச். 7.7 ஆக இருந்தபோது நூற்றுக்கு மூன்று பங்குதான் விஷ வேஷத்தில் இருந்தது. புட்டியை ஊற்றி 8.6-க்கு ஏற்றியதும் அது நூற்றுக்கு இருபது பங்காகிவிட்டது. அம்மோனியா ஒரு துளிகூட அதிகமாகவில்லை. விஷம் மட்டும் ஒரே இரவில் ஆறு மடங்காயிற்று. ஏற்கெனவே சோர்ந்திருந்த மீன்கள் என்ன செய்யும்? பி.எச். தாழ்ந்திருந்தது ஒரு விதத்தில் அவற்றுக்குக் கேடயமாக இருந்தது. அந்தக் கேடயத்தைப் பிடுங்கிக் கொண்டார்கள்.

ஆகையால், அம்மோனியா இருக்கும் தொட்டியில் பி.எச்.சை அவசரமாக ஏற்றக்கூடாது. இதை ஒரு காகிதத்தில் எழுதித் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வைப்பது நல்லது.

செய்யத் தக்கது

மிஞ்சியுள்ள மீன்களைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை.

முதலில், இரண்டு நாளைக்குத் தீனியை நிறுத்துங்கள். நல்ல நிலையில் வளர்ந்த மீன் இரண்டு நாள் ஏகாதசி இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீரை நன்றாக அலையவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இரண்டாவது, முதல் நாளே கரைத்துக் கலக்கி வைத்த புதிய உப்பு ஜலத்தால், அதே உப்பளவும் அதே சூடும் இருக்கும்படி பார்த்துக் கொண்டு, தொட்டியில் கால் பாகத்தை மாற்றுங்கள். நைட்ரேட் 40 முப்பதாகும், அம்மோனியா குறையும், காரச் சேமிப்பு ஐந்திலிருந்து ஏறக்குறைய ஆறாகும்.

மூன்றாவது, மீதிக் குறையைத் தீர்க்கும் மருந்து உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்பசோடாதான் அது! நூறு லிட்டர் தண்ணீரின் காரச் சேமிப்பை ஒரு பாகை ஏற்றுவதற்குச் சுத்தமான ஆப்பசோடா மூன்று கிராம் போதும். அதை ஒரு டம்ளர் சுத்த ஜலத்தில் கரைத்து, அலை அடிக்கும் இடத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்றக்கூடாது. இரண்டு நாளில் ஆறு எட்டாகிவிடும். சோடாவிலே ஒரு விசேஷம்: அது சேமிப்பைப் பெருக்குமே தவிரப் பி.எச்.சைத் திடீரென்று தூக்காது. சலவைச் சோடா தூக்கிவிடும். ஆகவே இந்தச் சமயத்தில் அது கூடாது. கேக் செய்யும் பேக்கிங் பவுடரும் ஆகாது. அதில் புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும்.

நாலாவது, தொட்டியில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாகச் சுத்த ஜலத்தையே ஊற்றுங்கள். ஆவியாகப் போவது ஜலம், உப்பு அல்ல. கிணற்று நீரை ஊற்றாதீர்கள். வெந்நீர்த் தவலையில் வெள்ளைப் பொருக்காகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்தெல்லாம் தொட்டியில் ஏறிவிடும். கடலோரக் கிணறானால் உப்பும் ஏறும்.

பரீட்சையை வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே வேளையில் செய்யுங்கள். இரவில் பி.எச். இறங்கி, வெளிச்சத்தில் ஏறுவது இயல்பு; காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிட்டால் வீண் கலவரம்தான் மிஞ்சும். குழாயை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே அலம்பிக் கொள்ளுங்கள். சொட்டு விடும் புட்டியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். மருந்தின் காலாவதித் தேதியையும் கவனியுங்கள். எதிர்பாராத எண் வந்தால் மறுபடி ஒருமுறை சோதிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

பெரிய தொட்டி

காரச் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது பவளத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடல் ஜலத்திலிருந்து சுண்ணாம்பையும் காரத்தையும் எடுத்துத்தான் பவளப் பூச்சி தன் வீட்டைக் கட்டிக் கொள்கிறது. அப்படிக் கட்டிய திட்டுக்கள் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. பல காலம் தூத்துக்குடிப் பக்கத்தில் அவற்றை வெட்டிச் சுண்ணாம்புக்காக எரித்தார்கள். 1986-ல் அத்தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் கல்பவளங்களையும் கடற்குதிரையையும் வனவிலங்குச் சட்டம் புலிக்குச் சமமாகப் பாதுகாக்கிறது. ஆகவே கடைக்காரர் ரகசியமாகப் பவளம் காட்டினால் வாங்காதீர்கள். கோமாளி மீனுக்கு அது அவசியமும் இல்லை. 1947-ல் தோன்றிப் பல வருஷம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். அவ்விதம் தொட்டியில் பிறந்த சுதேசி மீன்களைக் கேட்டு வாங்கலாம்; கடலைக் கொள்ளையடித்த பாவம் நம்மைச் சேராது.

அடைத்த கூடத்தில் நாலு பேர் விட்ட மூச்சு நூறு லிட்டர் தண்ணீரின் பி.எச்.சை இறக்கியதைப் பார்த்தோம். ஆலைகளும் மோட்டார்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் விட்ட கரியமில வாயு, உலகக் கடல்களின் மேல்மட்டத்தில் பி.எச்.சை 8.2-லிருந்து 8.1-க்கு இறக்கி இருக்கிறது. எண்ணில் அற்பமாகத் தோன்றினாலும், புளிப்பின் கணக்கில் இது நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கும் மேலான ஏற்றம். பவளத்துக்கு வீடு கட்டுவது அவ்வளவுக்கு அவ்வளவு கடினமாகிறது. அந்தப் பெரிய தொட்டிக்கு ஜன்னல் கிடையாது. கால் பாகம் தண்ணீர் மாற்றவும் முடியாது.

நம்மால் ஆகக்கூடியது சின்னத் தொட்டிதான். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கித் தேதி, உப்பு, பி.எச்., காரச் சேமிப்பு, அம்மோனியா, நைட்ரேட் என்று ஆறு பத்திகள் கோடு போட்டு, அந்தக் குழந்தையின் கையில் கொடுங்கள். வாரந்தோறும் சொட்டுக்களை எண்ணி அதுவே எழுதட்டும். மீன் செத்தது கண்ணேற்றினாலும் அல்ல, தன் பாவத்தினாலும் அல்ல, கூட்டிக் கழித்துப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கினால்தான் என்பது அதற்கு விளங்கிவிடும். அடுத்த மீன் சாகாமலிருக்க வழி தன் கையிலேயே இருக்கிறது என்பதும் விளங்கும்.